ரைபிள் தோட்டாவுக்குத் தனி அளவு டை: காசைக் கொடுக்கும் முன் கூட்டை அளந்து பாருங்கள்

போன மார்கழியில் வாசலில் ஒரு சின்னப் பெட்டி வந்து கிடந்தது. எடுத்துப் பார்த்த வீட்டுக்காரி, "இத்துணூண்டு பெட்டி, இந்தக் கனம் கனக்குது, என்னங்க இது?" என்றாள். "டை" என்றேன். என் தலையை ஒரு பார்வை பார்த்தாள். "அடிக்கறதுக்கு அங்க இன்னும் என்னங்க இருக்குது?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தலைக்கு அடிக்கிற டை இல்லை. சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக்கூட்டை, மறுபடி நிரப்பிச் சுடுவதற்காகப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் எஃகு அச்சு. என்னுடைய .308 ரைபிளுக்கென்றே கடைந்து வந்தது. விலை 260 டாலர். அதை அவளிடம் சொல்லவில்லை. அது இரண்டாவது தனி டை என்பதையும், முதலாவது டிராயரில் சும்மா கிடக்கிறது என்பதையும் சொல்லவே இல்லை.

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு டூல்ரூமில் 11 வருஷம் டை ஃபிட்டராக இருந்தவன் நான். இப்போது ஒஹாயோவில் இருக்கிறேன், வேலை அதேதான். சனிக்கிழமை ஆனால் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய்விடுவேன். டை வேலைக்காரன் என்று தெரிந்ததும் அங்கே ஆளுக்கு ஆள் கேட்பது இதைத்தான்: "தனி டை போட்டால் க்ரூப் (இலக்கில் குண்டுகள் விழும் பரப்பு) சின்னதாகுமா?" ஆகாது. என்னிடம் 3 ரைபிள் இருக்கிறது. அதில் ஒன்றுக்குத்தான் தனி டை தேவைப்பட்டது. அதுவும் க்ரூப்புக்காக இல்லை. உங்களுடையது எந்த வகை என்று கண்டுபிடிக்கும் வழியைத்தான் எழுதப் போகிறேன்.

அதற்கு முன் ஒன்று. நான் எழுதுவது அமெரிக்க நடைமுறை. இங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் தேவை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊரில் இருந்து படிப்பவர்கள் படிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெடிமருந்து எவ்வளவு போடுவது என்பதும் இங்கே வராது. அதற்கு அச்சடித்த லோடிங் புத்தகம் இருக்கிறது, அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

தோட்டா வெடிக்கும்போது பித்தளைக்கூடு உப்பி, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் சுவரில் போய் ஒட்டுகிறது. அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் பின்வாங்குகிறது. அந்தப் பின்வாங்கல் இருப்பதால்தான் கூட்டை வெளியே இழுக்க முடிகிறது. ஆனாலும் பழைய அளவுக்கு அது திரும்பாது. ஃபுல் லென்த் டைக்குள் அழுத்தினால் உடம்பு, புல்லட்டைப் பிடிக்கும் கழுத்து, இரண்டுக்கும் நடுவில் சரியும் தோள் மூன்றும் ஒரே அமுக்கில் சுருங்கும். கடையில் கிடைக்கும் டை எல்லாருடைய ரைபிளுக்கும் ஆக வேண்டும். இங்கே தோட்டா, சேம்பர் அளவுகளை வகுப்பது சாமி என்ற அமைப்பு. எழுத்துக் கூட்டினால் அப்படித்தான் வருகிறது, நான் என்ன செய்ய! அந்த அளவுப்படி .308 வின்செஸ்டர் சேம்பரின் ஹெட்ஸ்பேஸ், அதாவது சேம்பரை மூடும் போல்ட்டின் முகத்திலிருந்து தோளில் குறித்த இடம் வரை உள்ள நீளம், 1.630 அங்குலத்திலிருந்து 1.640 அங்குலம் வரை இருக்கலாம். நடுவில் 10 தவ். தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நம் பட்டறைக் கணக்கில் 25 மைக்ரான். டை செய்கிறவர் இருப்பதிலேயே சின்ன சேம்பரை மனதில் வைத்துத்தான் கடைவார். உங்கள் சேம்பர் பெரிதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் கூடு தேவைக்கு மேல் நசுங்கும், சுடும்போது மறுபடி உப்பும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அதேதான்.

ஆக, சந்தேகம் வந்தால் கையில் முதலில் எடுக்க வேண்டியது மைக்ரோமீட்டர். டிஜிட்டல் காலிப்பர் போதாது, அது ஒரு தவ் இப்படியும் அப்படியும் காட்டும். நாம் தேடுவது அரைத் தவ்.

உங்கள் ரைபிளில் சுட்ட 5 கூடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் பழைய ப்ரைமரை (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) தட்டி எடுத்துவிட வேண்டும், அது லேசாகத் துருத்திக்கொண்டு இருந்தால் நீள அளவு பொய் சொல்லும். ஒவ்வொன்றிலும் மூன்று இடம் அளக்க வேண்டும். அடியிலிருந்து 0.200 அங்குல உயரத்தில் உடம்பின் விட்டம். தோளில் பொருந்தும் அளவுத் துண்டான கம்பேரட்டர் வைத்து அடியிலிருந்து தோள் வரை நீளம். கழுத்தின் வெளி விட்டம். குறித்து வைத்துவிட்டு, அதே 5 கூட்டையும் இப்போது உங்களிடம் இருக்கும் டையில் அமுக்கி மறுபடி அளங்கள். இரண்டு வரிசைக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் டையின் ஜாதகம்.

கையால் போல்ட்டைத் திறந்து மூடும் போல்ட் ரைபிளுக்குத் தோள் 1 முதல் 2 தவ் பின்னால் போனால் போதும். தானாக லோட் ஆகும் ரைபிளுக்கு 3, 4. உடம்பின் அடிப்பக்கம் ஒன்று, ஒன்றரை தவ் சுருங்கினால் நல்லது. கழுத்து, தோட்டா முழுதாகச் சேர்ந்தபின் வரும் விட்டத்தைவிட 2 அல்லது 3 தவ் குறைவாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் இதற்குள் வந்துவிட்டால் இத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டு, மிச்சமான காசில் புல்லட் வாங்கிக்கொள்ளுங்கள்.

வரவில்லையா? உடனே டையைக் குறை சொல்ல வேண்டாம், அதை வைத்த விதத்தைப் பாருங்கள். என்னுடைய .303 கதை அதுதான்.

வங்காளத்தின் ஈஷாப்பூர் துப்பாக்கி ஆலையில் செய்த நம்பர் 1 மார்க் 3 என்ற ராணுவ ரைபிள் அது. உலோகச் சட்டத்தில் கிரீடமும், கீழே ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்தும், 1942 என்ற வருஷமும் குத்தியிருக்கும். இங்கே ஒரு துப்பாக்கிச் சந்தையில் பார்த்தபோது விலை கேட்கக்கூட வாய் வரவில்லை. அப்பா ஆயுதப்படைப் போலீஸ், "த்ரீ நாட் த்ரீ" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். வாங்கிவிட்டேன். மூன்றாவது தடவை நிரப்பியபோது, கூட்டின் அடியிலிருந்து விரல் நகம் அளவுக்கு மேலே பளிச்சென்று ஒரு வெள்ளைக்கோடு சுற்றி வந்திருந்தது. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கியாக மடக்கி, கூட்டின் உள்ளே விட்டு அடியிலிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். சுவர் வழவழப்பாக வந்துகொண்டிருக்கும், அந்தக் கோட்டுக்கு நேரே வந்ததும் கொக்கி ஒரு பள்ளத்தில் விழும். அங்கே பித்தளை உள்ளுக்குள் மெலிந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த சூட்டிலோ அதற்கடுத்ததிலோ அடி தனியாக, உடம்பு தனியாக வந்துவிடும். அந்தக் கூடுகளை எல்லாம் சுத்தியால் நசுக்கிப் போட்டேன்.

போர்க்கால .303 சேம்பர்களைத் தாராளமாகக் கடைந்திருப்பார்கள். சேறும் புழுதியும் ஒட்டிய தோட்டாவும் உள்ளே போக வேண்டுமே! அந்தத் தோட்டா அடிவிளிம்பில் நிற்பது, தோள் எங்கே இருந்தாலும் துப்பாக்கி சுடும். நானோ டையை, கூட்டின் அடியைப் பிடித்து நிற்கும் ஷெல்ஹோல்டரில் முட்டும் வரை இறக்கி, பெட்டியில் இருந்த சீட்டில் போட்டபடி இன்னும் கால் சுற்றுத் திருகியிருந்தேன். தோள் ஒவ்வொரு முறையும் அத்தனை தூரம் பின்னால் போய், சுடும்போது அத்தனை தூரம் முன்னால் வந்திருக்கிறது. தனி டைக்கு ஆர்டர் எழுதவே உட்கார்ந்துவிட்டேன். ரேஞ்சில் 80ஐத் தாண்டிய பெரியவர் ஒருவர் உண்டு, வியட்நாமுக்குப் போய் வந்தவர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "உன் டையைக் கொஞ்சம் மேலே தூக்கி வையேன்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இந்த டைகளின் வெளிமறை 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 புரி. ஒரு முழுச் சுற்று என்றால் 71 தவ். கால் சுற்று 18 தவ்! ஒரு தவ் வேண்டுமென்றால் 5 டிகிரி மட்டும் திருப்ப வேண்டும். டையைப் பூட்டும் லாக் ரிங்கின் விளிம்பில் அது ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. டூல்ரூமில் சோறு தின்ற நான் இந்தக் கணக்கை அதுவரை போட்டுப் பார்க்கவில்லை. லாக் ரிங்கிலும் பிரஸ்ஸிலும் மார்க்கரால் கோடு போட்டு, டையை மேலே ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். புதுக் கூட்டை முதல் முறை சுடும்போது மட்டும் அடிவிளிம்புக்கு முன்னால் ஒரு சின்ன ரப்பர் ஓ-ரிங் மாட்டுகிறேன். அது கூட்டைப் பின்னால் போல்ட்டோடு ஒட்டி நிறுத்திவைக்கும். சுடும்போது தோள் முன்னால் போகுமே தவிர அடி இழுபடாது. அதன்பிறகு வெள்ளைக்கோடு வரவில்லை. செலவு, ஓ-ரிங் பாக்கெட் ஒன்று.

கையால் 5 டிகிரி திருப்புவது எரிச்சலாக இருந்தால் ரெட்டிங் கம்பெனியின் காம்பெட்டிஷன் ஷெல்ஹோல்டர் செட் கிடைக்கிறது. 2 தவ் முதல் 10 தவ் வரை, இரண்டிரண்டாக உயரம் கூடும் 5 ஷெல்ஹோல்டர். டையை ஒரே இடத்தில் பூட்டிவிட்டு ஷெல்ஹோல்டரை மாற்றிக்கொள்ளலாம். தனி டை வேண்டும் என்று நினைப்பவர்களில் பாதிப்பேருக்கு இதுவே போதும் என்பது என் கணிப்பு.

இரண்டாவது ரைபிள் 6.5 கிரீட்மூர், கடையில் வாங்கியது, எதையும் மாற்றவில்லை. அதில் உடம்பும் தோளும் சரியாகவே இருந்தன. கழுத்தில்தான் கோளாறு. என் கூடுகளில் கழுத்துச் சுவர் 14 தவ். புல்லட் 264 தவ். ஆக, நிரப்பிய தோட்டாவின் கழுத்து 292 தவ். கடை டையோ கழுத்தை 286க்கு நசுக்கிவிட்டு, வெளியே வரும்போது உள்ளிருக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டையால் 290க்கு விரிக்கிறது. எதற்கு இந்த வேலை? 286க்குப் போகாமல் 289இலேயே நின்றிருக்கலாமே. உருண்டை கழுத்தை இழுத்துக்கொண்டு வரும்போது கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. டயல் இண்டிகேட்டரில் சுற்றிப் பார்த்தால் 4 தவ் ஆட்டம். உருண்டையைக் கழற்றிவிட்டு அமுக்கினால் 1 தவ்தான்.

இதற்கும் தனி டை வேண்டாம். இல்லினாய் லனார்க்கில் இருக்கும் ஃபோர்ஸ்டர், தன்னுடைய ஃபுல் லென்த் டையின் கழுத்துப் பகுதியை மட்டும் கேட்ட அளவுக்கு ஹோன் பண்ணி, அதாவது உரசிப் பெரிதாக்கிக் கொடுக்கும். 289 என்று எழுதி அனுப்பினேன், உருண்டை இல்லாமல் ஓட்டுகிறேன். இல்லையென்றால் கழுத்தை அமுக்கும் வளையத்தை மாற்றக்கூடிய புஷிங் டை வாங்கி, 1 தவ் படியில் வரும் புஷிங்கை மாற்றிக்கொள்ளலாம். கூடு எந்தக் கம்பெனி என்று மாற்றி மாற்றி வாங்குபவராக இருந்தால் புஷிங்தான் நல்லது. பித்தளைச் சுவர் தடிமன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஹோன் பண்ணிய கழுத்து மாறாது. நானே வீட்டில் ஹோன் பண்ணலாமா என்று கேட்காதீர்கள். நான் பண்ணமாட்டேன். கடினப்படுத்திய எஃகு அது, அரைத் தவ் போதும் என்று ஆரம்பித்து ஒரு பக்கமாகத் தின்றுவிட்டால் எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

இனி அந்த மூன்றாவது. எஃப்-டிஆர் என்ற நெடுந்தூரச் சுடும் போட்டிக்காகத் துப்பாக்கி ஆசாரி ஒருவரிடம் கொடுத்துப் புதுக்குழல் போட்ட .308. அந்தப் பிரிவில் .308, .223 இரண்டுக்கு மட்டுமே இடம், அதனால் .308. ஆசாரி வைத்திருந்த ரீமர், அதாவது சேம்பரைக் கடையும் வெட்டுக்கருவி, அடிப்பக்கத்தில் கொஞ்சம் இறுக்கமானது. முதல் மூன்று சூடு வரை ஒன்றும் தெரியவில்லை. நான்காவது தடவை நிரப்பிய தோட்டாவைச் சுட்டுவிட்டு போல்ட்டைத் தூக்கினால், கைப்பிடி மேலே போய் முடியும் இடத்தில் ஒரு 'டிக்'. வயலில் களைக்கொத்து சின்னக் கல்லில் பட்டது போல. அடுத்த சூட்டில் இன்னும் பலமாக.

இந்த டிக் கேட்டதும் முதலில் சந்தேகப்பட வேண்டியது டையை அல்ல, அழுத்தத்தை. கூட்டின் அடியில் சுட்ட கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரின் ஓட்டைத் தடம் பளபளப்பாக விழுந்திருக்கிறதா, ப்ரைமர் குழி தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிறுத்திவிடுங்கள், மருந்து அளவில் தவறு. புத்தகத்துக்குத் திரும்பிப் போய்க் கீழிருந்து ஆரம்பியுங்கள். என்னுடையதில் அந்தத் தடம் எதுவும் இல்லை, மருந்தும் உச்சத்துக்கு ரொம்பக் கீழே.

அடுத்ததாக, எதையும் சுடாமல் வீட்டு மேசையிலேயே செய்யும் சோதனை. ரைபிள் காலி என்று கண்ணால் பார்த்து, விரலை விட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். போல்ட்டை வெளியே எடுத்து ஃபயரிங் பின்னையும் எஜெக்டரையும் கழற்றிவிடுங்கள். வெறும் போல்ட்டை மட்டும் உள்ளே போட்டு முன்னால் தள்ளினால் கைப்பிடி தன் கனத்திலேயே தொப்பென்று கீழே விழ வேண்டும். இப்போது டையில் அமுக்கிய வெறுங்கூடு ஒன்றை வைத்து அதையே செய்யுங்கள். பாதியில் நின்றால் கூடு எங்கேயோ சேம்பரைத் தொடுகிறது. எங்கே என்று தெரிய வேண்டுமே? கறுப்பு மார்க்கரால் கூட்டை முழுக்கப் பூசிக் காயவிட்டு, மறுபடி உள்ளே விட்டு, போல்ட்டை மூடித் திறந்து வெளியே எடுங்கள். தோளில் மை அழிந்திருந்தால் டையை 5 டிகிரி, 5 டிகிரியாக இறக்கிக்கொண்டே வாருங்கள். கைப்பிடி தானாக விழும் இடத்தில் நிறுத்திப் பூட்டுங்கள். காசு மிச்சம்.

என்னுடையதில் தோளில் மை அப்படியே இருந்தது. அடியில், கூட்டை இழுக்கும் கொக்கி பிடிக்கும் எக்ஸ்ட்ராக்டர் பள்ளத்துக்குக் கொஞ்சம் மேலே, மோதிரம் போட்டது மாதிரி ஒரு பித்தளை வளையம் மட்டும் சுத்தமாகத் தேய்ந்து மின்னியது. மைக்ரோமீட்டரை எடுத்தேன். சுட்ட கூடு அடியில் 0.4703, டையில் அமுக்கிய பிறகு 0.4699. அரைத் தவ்கூடச் சுருங்கவில்லை. டையை எவ்வளவு இறக்கினாலும் அந்த இடத்தில் அதற்கு வாயே சிறிதாக இல்லை. இந்த வளையத்தைப் பார்த்தால்தான் தனி டை பற்றி யோசிக்கவே வேண்டும்.

அப்போதுகூட நேராக ஆர்டர் போடவில்லை, அடியை அதிகமாகச் சுருக்கும் ஸ்மால் பேஸ் டை என்று கடையிலேயே கிடைக்கும் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். டிக் போய்விட்டது. அடி 0.4684க்கு வந்தது. ஆனால் தோளுக்குக் கீழே உடம்பு 5 தவ் நசுங்கியது. நசுங்கிய பித்தளை எங்காவது போக வேண்டுமல்லவா? கழுத்துப் பக்கமாக நீண்டது. ஒவ்வொரு முறையும் கூட்டை வெட்டிக் குறைக்க வேண்டியதாயிற்று. வேட்டைக்கு வருஷத்துக்கு 40 தோட்டா சுடுபவருக்கு இதுவே தாராளம், மேலே போக வேண்டாம். நான் ஒரு பருவத்துக்கு 1,000க்கு மேல் சுடுகிறேன்.

முதல் தனி டையில் நான் பண்ணிய முட்டாள்தனத்தைச் சொல்லியே ஆக வேண்டும். தனி டை செய்பவர்கள் உங்கள் ரைபிளில் சுட்ட கூடு இரண்டு மூன்று அனுப்பச் சொல்வார்கள். நம் வீட்டுப் பெண்கள் தையல்காரரிடம் அளவு ஜாக்கெட் கொடுப்பது போல. நான் புதுக்கூட்டில் ஒரே ஒரு தடவை சுட்டதை எடுத்து அனுப்பிவிட்டேன். புதுப் பித்தளை முதல் சூட்டில் சேம்பரை முழுதாக நிரப்பாது, நன்றாகப் பின்வாங்கியும் விடும். நான் அனுப்பியவை அடியில் 0.4696. உண்மையில் அந்த சேம்பரில் நன்றாக உருவான கூடு 0.4703. அவர்கள் நான் கொடுத்த அளவுக்குச் சரியாக ஒன்றரை தவ் குறைத்துக் கடைந்துவிட்டார்கள். வந்து சேர்ந்த டையில் கூடு 0.4681. அதாவது ஸ்மால் பேஸ் டையைவிட மோசமாக நசுக்கும் ஒரு தனி டை, நான்கு மாதம் காத்திருந்து வாங்கியது. அளவு ஜாக்கெட்டே தப்பு, தையல்காரர் என்ன செய்வார்? டிராயரில் கிடப்பது அதுதான்.

இரண்டாவது தடவை இப்படிச் செய்தேன். ஒரே பெட்டியிலிருந்து 6 கூடு. மிதமான மருந்து. ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் கழுத்தை மட்டும் அமுக்கினேன், உடம்பைத் தொடவே இல்லை. நான்காவது சூடு முடிந்து, போல்ட் மூடும்போது லேசாக இறுக்கம் தெரிந்ததும் நிறுத்தினேன். அதற்குமேல் அந்த சேம்பரில் கூடு வளராது. கடைசிச் சூட்டுக்குப்பின் எந்த டையிலும் விடவில்லை. கூடு சுத்தம் செய்யும் டம்ளர் எந்திரத்தில் போட்டு உருட்டவும் இல்லை, உருட்டினால் வாயோரம் அடிபட்டுக் கழுத்து அளவு கெடும். துணியால் துடைத்து, ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, நல்லதாக மூன்றை அனுப்பினேன். மீதி மூன்றை நான் வைத்துக்கொண்டேன், டை வந்தபின் சரிபார்க்க அது வேண்டும்.

கூடவே ஒரு தாளில் எழுதியவை: போல்ட் ரைபிள், அடியில் ஒன்றரை தவ், தோள் விட்டத்தில் 2 தவ் சுருங்கினால் போதும், நிரப்பிய கழுத்து 337 தவ், கழுத்துக்கு புஷிங் மாடல், கூடு எந்தக் கம்பெனி, கழுத்துச் சுவரைக் கடையவில்லை. ஆசாரியிடம் கேட்டு வாங்கிய ரீமர் வரைபடத்தின் நகலையும் வைத்தேன். வரைபடம் இருந்தால் கூடு சொல்வதையும் ரீமர் சொல்வதையும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். முதல் தடவை அது இருந்திருந்தால் அந்த 0.4696 அங்கேயே மாட்டியிருக்கும்.

இந்த இடத்தில் சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள்: சேம்பர் கடைந்த அதே ரீமரால் டையையும் கடைந்துவிட்டால் வேலை முடிந்ததே? முடியாது. சேம்பர் அளவிலேயே டை இருந்தால் கூடு உள்ளே போய் வெளியே வரும், எதுவும் சுருங்காது. பித்தளை பின்வாங்குவதையும் கணக்கில் எடுத்து அதைவிடச் சின்னதாக டை ரீமர் தனியாக வேண்டும். புல்லட்டை உட்கார வைக்கும் சீட்டிங் டைக்கு மட்டும் அந்த யோசனை செல்லும். எல்.இ. வில்சன் கடையாத வெற்று டை விற்கிறது. புதுக்குழல் போடும் அன்றைக்கே அதை ஆசாரியிடம் கொடுத்தால் சேம்பர் ரீமராலேயே கடைந்து தந்துவிடுவார். ஆனால் சீட்டிங் டைக்குத் தனியாகப் பெரிய காசு போட நான் சொல்லமாட்டேன். நீள மூக்கு புல்லட்டின் நுனி, அதைத் தள்ளும் தண்டான சீட்டிங் ஸ்டெம்மின் உள்ளே முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் அந்த புல்லட்டுக்கான ஸ்டெம் மட்டும் வாங்கினால் போதும்.

உங்கள் தோட்டாவே யாரும் டை விற்காத வைல்ட்கேட் வகை என்றால் இந்த விவாதமே வேண்டாம், தனி டை போட்டே ஆக வேண்டும்.

டை வந்த அன்று மீதி வைத்திருந்த மூன்று கூட்டையும் அமுக்கினேன். மசகாக லானோலின் பூசுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். 260 டாலர் டைக்குள் கூடு மாட்டிக்கொண்டால் இரவு தூக்கம் வராது. அளந்தேன்: 0.4688, 0.4688, 0.4687. கறுப்பு மை பூசி உள்ளே விட்டேன். போல்ட் கைப்பிடி தானாக விழுந்தது. வெளியே எடுத்தால் மை எங்கும் அழியவில்லை. இரவு 11 மணிக்கு கராஜில் தனியாக உட்கார்ந்து அந்தக் கைப்பிடியைப் பத்துத் தடவை தூக்கித் தூக்கி விழவிட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் விளக்கை மட்டும் அணைக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

பலன் என்ன? முன்பு ஆறாவது சூட்டில் தூக்கிப் போட்ட கூடுகள், இப்போது அதே பெட்டி 14ஆவது சூட்டில் இருக்கிறது. மூன்று சூட்டுக்கு ஒருமுறை கழுத்தை அனீல் செய்கிறேன், அதாவது சூடாக்கி மென்மையாக்குகிறேன். வெட்டிக் குறைப்பது எப்போதாவதுதான். டிக் இல்லை, அதனால் போல்ட்டைத் தூக்கும்போது ரைபிள் அதன் முன்கால்களான பைபாடிலிருந்து நகர்வதில்லை, அடுத்த சூட்டுக்குக் கண் அங்கேயே இருக்கிறது. கழுத்து ஆட்டம் 3 தவ்விலிருந்து ஒன்றரைக்கு வந்தது. க்ரூப்? 10 சூடு க்ரூப்பை நோட்டில் வருஷக்கணக்காகக் குறித்து வருகிறேன். டைக்கு முன், டைக்குப் பின் என்று பக்கத்தை மூடிவிட்டுக் காட்டினால் எது எது என்று என்னாலேயே சொல்ல முடியாது. ஒஹாயோவின் கேம்ப் பெர்ரி ரேஞ்சில் ஈரி ஏரியிலிருந்து அடிக்கும் காற்றில் கொடி ஒரு முழம் அசைந்தால் போகும் பாயிண்டை எந்த டையும் மீட்டுத் தராது.

குழல் என்றைக்காவது தேய்ந்துபோகும். அடுத்த குழலை வேறு ரீமரால் கடைந்தால் இந்த டை மறுபடி அந்நியம். ஆகவே ரீமரின் பெயர், கம்பெனி, வரைபட எண் மூன்றையும் அழியாத மையால் டைப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த குழலுக்குப் போகும்போது பெட்டியோடு ஆசாரியிடம் போவேன். டிராயரில் கிடக்கும் அந்த முதல் டைக்கும் ஒரு இடம் கிடைத்திருக்கிறது. மற்றவர்கள் ரேஞ்சில் விட்டுப்போகும் .308 கூடுகளைப் பொறுக்கி வருவேன், ஊர்பட்ட சேம்பரில் சுட்டவை. அவற்றை முதல் தடவை அமுக்க அதைவிட நல்ல டை என்னிடம் இல்லை.